புறக்கோட்டையில் காசைக் கொடுத்து டெதர் வாங்கலாமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் அம்மாவுடன் இருக்கிறேன். வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்காரருக்கு இணையதளம் வடிவமைத்துக் கொடுக்கிறேன். மெல்பேர்னில் உள்ள வாடிக்கையாளர் ஒருவர், இனிமேல் பணத்தை யூ.எஸ்.டி.டி.யாக (டொலர் பெறுமதியோடு ஒட்டிய டெதர் என்ற கிரிப்டோ நாணயம்) அனுப்பட்டுமா என்று கேட்கிறார். சேமிப்பில் 4 இலட்சம் ரூபாவும் இருக்கிறது. 2022இல் ரூபா விழுந்ததைப் பார்த்தபிறகு அதை வங்கியில் வைத்திருக்கவே பயமாக இருக்கிறது. மச்சாளுக்குத் தெரிந்த ஒருவர் புறக்கோட்டையில் காசைக் கையில் வாங்கிக்கொண்டு டெதர் போட்டுவிடுவாராம். செய்யலாமா அண்ணா? வாங்கினால் எங்கே வைப்பது?

பதில்: தங்கச்சி, புறக்கோட்டைக்காரருக்கு முதலில் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். கையில் காசு கொடுத்தால் உங்களிடம் ஒரு துண்டுச் சான்றும் இராது. அவர் போடும் டெதர் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாது. மோசடிப் பணத்தோடு தொடர்புள்ள முகவரியை டெதர் நிறுவனம் முடக்கிவைக்கலாம். முடக்கினால் உங்கள் பணமும் அதோடு நிற்கும். பெயர் புதிதாக இருந்தாலும் இது வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் பழைய உண்டியல் வேலைதான்.

உங்கள் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 2022 மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களுக்குள் 350ஐத் தாண்டியது. 2,000 டொலர் பெறுமதியாக இருந்த 4 இலட்சம் ரூபா, ஏறக்குறைய 1,100 டொலராகச் சுருங்கியது. ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது. நீங்கள் உழைப்பதே டொலரில்தானே! வங்கியில் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து, வரும் டொலரில் ஒரு பகுதியை டொலராகவே வைத்திருங்கள்.

மெல்பேர்ன்காரரிடமும் அந்தக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். இதில் வரி விஷயமும் இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை வருமானத்துக்கும் வரி உண்டு. வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே நாட்டுக்குள் வந்தால் அதிகபட்ச வீதம் 15 சதவீதம். ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் விடுவிப்பு வேறு. டெதராக வாங்கினால் அந்த வங்கி வழி நிபந்தனையில் நீங்களே ஓட்டை போட்டுக்கொள்கிறீர்கள். நாளைக்கு வீட்டுக் கடனுக்கோ விசாவுக்கோ வருமானச் சான்று கேட்டால் காட்டவும் எதுவும் இராது.

சரி, இதெல்லாம் தெரிந்தும் சேமிப்பில் கொஞ்சம் கிரிப்டோ வாங்க ஆசை என்றால், சட்ட நிலையைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மெய்நிகர் நாணய வியாபாரத்துக்குத் தான் எவருக்கும் உரிமம் கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி திரும்பத் திரும்ப அறிவித்திருக்கிறது. டெபிட், கிரெடிட் அட்டையால் அதற்குப் பணம் கட்டவும் அனுமதி இல்லை. அதனால்தான் இங்கே பெரும்பாலானோர் பைனான்ஸ் போன்ற செயலிகளில் ஆளுக்கு ஆள் விற்கும் பீ2பீ சந்தைக்குப் போகிறார்கள். விற்பவரின் டெதரைச் செயலி பூட்டி வைக்கும். நீங்கள் வங்கிக் கணக்கிலிருந்து ரூபா அனுப்பியதும் அவர் விடுவிப்பார்.

வாங்கும்போது பெரிதாகச் சிக்கல் வருவதில்லை. திரும்ப ரூபாவாக்கும்போதுதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வாங்குபவர் வட்ஸ்அப்பில் வங்கி ஸ்லிப் அனுப்பிவிட்டு, “அக்கா, காசு போட்டாச்சு, விடுங்கோ” என்று அவசரப்படுத்துவார். ஸ்லிப்பையும் எஸ்.எம்.எஸ்ஸையும் நம்பாதீர்கள். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து மீதியைக் கண்ணால் பார்த்தபிறகே விடுவியுங்கள். இன்னொன்று, பணம் வந்த கணக்கின் பெயரும் பீ2பீயில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். வேறு பெயரில் வந்தால் அது யாரிடமோ ஏமாற்றி எடுத்த பணமாக இருக்கலாம். ஏமாந்தவர் பொலிசுக்குப் போனால் முடக்கப்படுவது உங்கள் கணக்கு. அதனால் சம்பளம் வரும் கணக்கை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். ஒவ்வொரு பரிமாற்றத்தின் ஸ்கிரீன்ஷொட்டையும் சேமித்து வையுங்கள். வங்கி கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

வைப்பது பற்றி. எக்ஸ்சேஞ்ச், அதாவது பைனான்ஸ் போன்ற கிரிப்டோ சந்தைக் கணக்கில் கிடப்பது உங்கள் பெயரில் இருக்கும், கட்டுப்பாடு அவர்களிடம் இருக்கும். 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். திவாலானபோது உலகின் பெரிய எக்ஸ்சேஞ்ச்களில் அதுவும் ஒன்று. இங்கே வங்கி வைப்புக்கு 11 இலட்சம் ரூபா வரை காப்புறுதி உண்டு. கிரிப்டோவுக்கு அப்படி எதுவும் இல்லை. வாங்கிச் சும்மா வைப்பதென்றால் சொந்த வொலெட்டுக்கு (கட்டுப்பாடு உங்கள் கையிலேயே இருக்கும் கிரிப்டோ பணப்பை) மாற்றுங்கள். வொலெட் தொடங்கும்போது 12 அல்லது 24 சொற்கள் தரும். அந்தச் சொற்கள் யாரிடம் இருக்கின்றனவோ பணம் அவருடையது. போனில் படம் பிடிக்காதீர்கள், கூகுள் ட்ரைவில் போடாதீர்கள், வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பியும் வைக்காதீர்கள். பேனையால் இரண்டு தாளில் எழுதுங்கள். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்குத் தாள் நமுத்துப்போகும். ஈரம் புகாத உறையில் போட்டு, ஒன்றை வீட்டிலும் மற்றதை வேறொரு பாதுகாப்பான இடத்திலும் வையுங்கள். எந்த ‘உதவி மையமும்’ அந்தச் சொற்களைக் கேட்காது, கேட்பவர் திருடர்.

மாற்றும்போது நெட்வேர்க்கை, அதாவது டெதர் போகும் தடத்தைப் பாருங்கள். ட்ரொன், எத்தீரியம் இரண்டும் அப்படிப்பட்டவை. ட்ரொன் முகவரி ஆங்கில ‘டி’ எழுத்தில் தொடங்கும், எத்தீரியம் முகவரி பூச்சியத்தில் தொடங்கும். தவறான நெட்வேர்க்கில் அனுப்பினால் மீட்பது பெரும்பாடு, பலவேளை முடியவே முடியாது. முதலில் 10 டொலர் அனுப்பி, வந்து சேர்ந்ததைப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள். முகவரியின் முதல் நான்கு எழுத்தை மட்டும் பார்த்தால் போதாது, நடுவிலும் பாருங்கள். தலையும் வாலும் ஒத்த போலி முகவரியிலிருந்து சில்லறை அனுப்பி, அதை நீங்கள் கொப்பி பண்ணக் காத்திருக்கும் கூட்டம் இருக்கிறது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை: ட்ரொனில் உள்ள டெதரை வெளியே அனுப்ப, கட்டணத்துக்காக அந்த வொலெட்டில் கொஞ்சம் டி.ஆர்.எக்ஸ். நாணயமும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் டெதர் இருந்தும் அசைக்க முடியாது.

எவ்வளவு போடலாம்? ஆறு மாத வீட்டுச் செலவை முதலில் ஒதுக்குங்கள். மிஞ்சுவது எவ்வளவு ஆனாலும் 40,000 ரூபாவுக்கு மேல் போடவேண்டாம் என்பதே என் கருத்து. 2021 நவம்பரில் 69,000 டொலரை எட்டிய பிட்கொயின் (இது டெதர் போல டொலரோடு ஒட்டியதல்ல) அடுத்த நவம்பரில் 16,000க்குக் கீழே போனது. உச்சத்தில் உங்கள் 4 இலட்சத்தையும், அதாவது அன்றைய 2,000 டொலரையும் போட்டிருந்தால் 500 டொலர்கூட மிஞ்சியிராது. அம்மாவின் மருந்துச் செலவும் அதே பணத்தில்தானே இருக்கிறது?

தினமும் இத்தனை சதவீதம் இலாபம், ஆள் சேர்த்தால் மேலதிகம் என்று யாராவது குழுவில் சேர்க்கப் பார்த்தால் உடனே வெளியேறுங்கள். எம்.டி.எஃப்.இ., ஒன்மேக்ஸ்டிடி இரண்டையும் மத்திய வங்கி தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்றே அறிவித்தது.

எதை வாங்கினாலும், அந்தச் சொற்கள் எழுதிய தாள் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள். அதை வைத்து என்ன செய்வது என்று மச்சாளுக்கு ஒருமுறை காட்டிக் கொடுத்தால் போதும்.