பிரேக் மிதித்தால் கார் உதறுகிறதா? கேள்விகளும் பதில்களும்

ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பதில்கள் எல்லாம் ஹைட்ராலிக் பிரேக் உள்ள சாதாரண பயணிகள் கார்களுக்கானவை.

கேள்வி: சார், 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. 50க்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. டிஸ்க் வளைந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். சரிதானா?

கோளாறு முன்சக்கர டிஸ்க்கில் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) இருக்கிறது என்பதில் அவர் பெரும்பாலும் சரி. வளைந்துவிட்டது என்பதைத்தான் என்னால் ஒப்ப முடியவில்லை. அன்றாட ஓட்டத்தின் சூட்டில் வார்ப்பிரும்பு டிஸ்க் அவ்வளவு எளிதில் நெளிந்துவிடாது. சுற்றிவர அதன் தடிமன்தான் மாறிப்போகிறது. டிஸ்க்கை இருபுறமும் பிடிக்கும் உராய்வுக் கட்டைகள்தான் பேட்டுகள், அவற்றை அழுத்தும் பிடிப்பான்தான் காலிப்பர். தடித்த இடம் பேட்டுகளுக்கு இடையே வரும்போது காலிப்பர் பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அந்த அழுத்தம் ஆயில் வழியாக உங்கள் காலுக்கு வந்து சேர்கிறது. பிரேக் பிடிக்கும் விசையும் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறி இறங்குவதால் ஸ்டியரிங் ஆடுகிறது. இதற்கு 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே போதும். தலைமுடி அதைவிடத் தடிமனானது. கண்ணால் பார்த்து "டிஸ்க் நன்றாக இருக்கிறது" என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

100 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 14 முறை சுற்றுகிறது. சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் இயல்பாகவே எளிதில் ஆடக்கூடிய தாளம் ஒன்று உண்டு. அதனோடு சக்கரத்தின் தாளம் ஒத்துப்போகும் வேகத்தில் உதறல் பெரிதாகத் தெரியும், அதைத் தாண்டினால் அடங்கிவிடும். 50க்குக் கீழே தெரியவில்லை என்பதால் டிஸ்க் சரியாகிவிட்டது என்று பொருளில்லை.

கேள்வி: ஐயா, இதே கோளாறுக்காகப் புது டிஸ்க்கும் புது பேட்டும் போட்டேன். சில மாதம் வெண்ணெயாக ஓடியது. இப்போது மறுபடியும் உதறல். மட்டமான டிஸ்க்கைத் தலையில் கட்டிவிட்டார்களா?

இன்று வந்ததில் இதுதான் முக்கியமான கேள்வி. டிஸ்க்கின் மேல் பழி போடுவதற்கு முன், அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

டிஸ்க் ஹப்பின் (சக்கரமும் டிஸ்க்கும் பொருந்தும் நடுப்பகுதி) முகத்தில் தட்டையாக அமர வேண்டும். அங்கே துருச் செதில் ஒன்று சிக்கினாலும் டிஸ்க் இம்மியளவு சாய்ந்துவிடும். டிஸ்க்கின் விளிம்பு ஹப்பைவிட வெளியே இருப்பதால் அந்தச் சாய்வு அங்கே பெருகித் தெரியும். மாட்டிய அன்று எந்த உதறலும் இருக்காது, ஏனென்றால் தடிமன் எங்கும் ஒன்றுதான். ஆனால் நீங்கள் பிரேக்கைத் தொடாமல் ஓட்டும்போதும், ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் அதே இடம் பேட்டை உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் தேய்ந்து மெலிந்துவிடும். உங்கள் "சில மாதம்" இதற்கு அப்படியே பொருந்துகிறது. காரணத்தை விட்டுவிட்டு மூன்றாவது ஜோடி டிஸ்க் வாங்கினாலும் இதே கதைதான்.

டிஸ்க்கைக் கழற்றி, ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்க்கச் சொல்லுங்கள். போல்ட்டுகளைச் சுற்றியுள்ள மூலைகளில்தான் துரு ஒளிந்திருக்கும். டிஸ்க்கின் உள்முகத்தையும் துடைக்க வேண்டும். பிறகு டிஸ்க்கை மாட்டி, எல்லா நட்டுகளையும் வாஷர் வைத்து இறுக்கி, விளிம்பிலிருந்து சுமார் 10 மில்லிமீட்டர் உள்ளே டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டும் கருவி) வைத்து ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அனுமதிக்கும் ஆட்டம் எவ்வளவு என்பது உங்கள் காரின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். பல கார்களில் அது 0.05 முதல் 0.1 மில்லிமீட்டருக்குள். அதைத் தாண்டினால் டிஸ்க்கை ஒரு போல்ட் துளை தள்ளி மாட்டி மறுபடி அளந்து பார்க்கலாம். ஹப்பின் சாய்வும் டிஸ்க்கின் சாய்வும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும் நிலை பல சமயம் கிடைத்துவிடும். எந்த நிலையிலும் குறையவில்லை என்றால் ஹப்பையும் வீல் பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று வீல் நட். காற்று இயந்திரத்தை வைத்து 'டர்ர்' என்று ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டு போவது பல பட்டறைகளின் பழக்கம். எதிரெதிர் வரிசையில், டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். பயணிகள் கார்களில் பலவற்றுக்கு அது 90 முதல் 120 நியூட்டன் மீட்டர்.

கேள்வி: டயல் கேஜ் இல்லை, மைக்ரோமீட்டர் இருக்கிறது. அது போதுமா?

தடிமனை அளக்க அதுதான் வேண்டும். பேட் உரசும் பாதையில் சம இடைவெளியில் எட்டு இடங்களில், விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எட்டு எண்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் 0.01 மில்லிமீட்டருக்குள் அடங்கினால் டிஸ்க்கை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடலாம். வெர்னியர் காலிப்பர் இதற்கு உதவாது. அதன் தாடை தேயாத விளிம்பு மேட்டில் உட்கார்ந்துகொள்ளும், நுட்பமும் போதாது. வண்டியைத் தூக்கியதும் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிச் சக்கரத்தருகே உட்காராதீர்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கு ஸ்டியரிங் ஆடவில்லை. பிரேக் பிடித்தால் இருக்கையும் தரையும் நடுங்குகின்றன. பின்னால் டிரம் பிரேக்.

தம்பி, அப்படியென்றால் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கேபிளில் இயங்கும் கைபிரேக் என்றால் ஒரு சோதனை இருக்கிறது. ஆளில்லாத, உலர்ந்த, நேரான பாதையில் 40 கிலோமீட்டர் வேகத்தில், கைபிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல மெல்ல இழுங்கள். கால் பிரேக்கைத் தொடக்கூடாது. அதே நடுக்கம் வந்தால் டிரம்மின் வட்டம் கெட்டிருக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும், கவனம். பொத்தானில் இயங்கும் எலக்ட்ரானிக் கைபிரேக்கில் இதை முயலவே வேண்டாம். டிரம்மின் உட்புறத்தை லேத்தில் கடைந்து சமன் செய்யலாம். அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே பொறித்திருக்கும், அதை மீறினால் மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: பிரேக் ஆயிலை மாற்றி, காற்றையும் எடுத்துவிட்டேன். துடிப்பு நிற்கவில்லையே?

நிற்காது. ஆயிலில் காற்று இருந்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும், சக்கரத்தோடு சேர்ந்து துடிக்காது. ஆயில் மாற்றியது வீணில்லை, இந்த நோய்க்கு மருந்தில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: மழையில் அவசரமாக பிரேக் பிடித்தபோது பெடல் 'தடதட' என்று காலை உதைத்தது. இதுவும் டிஸ்க்தானா?

இல்லை, அது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) தன் வேலையைச் செய்வது. அப்போது காலை எடுக்காமல் அழுத்தியே வையுங்கள். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி: டிஸ்க் கோளாறென்றால் வண்டியின் வேகம் குறையக் குறையத் துடிப்பும் நிதானமாகும், ஏபிஎஸ்ஸின் தடதடப்பு அப்படிச் சக்கரத்தைப் பின்தொடராது. உலர்ந்த சாலையில் மெதுவாக நிறுத்தும்போது, நிற்கப்போகும் கடைசி நொடியில் தடதடத்தால் மட்டும் சக்கர வேக சென்சாரையும் அதன் பல்வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அழுக்கோ வெடிப்போ இருக்கக்கூடும்.

கேள்வி: டிஸ்க்கைக் கடைசல் போட்டால் போதாதா? மாற்றத்தான் வேண்டுமா?

டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். கடைந்த பிறகும் அதற்கு மேலே தாராளமாக மிச்சம் இருக்குமானால் கடையலாம். வண்டியிலேயே பொருத்திக் கடையும் லேத் கிடைத்தால் அதுவே சிறந்தது. ஹப்பின் சாய்வையும் சேர்த்துச் சரிசெய்துவிடும். கழற்றி எடுத்துக் கடைந்தால், அழுக்கு ஹப்பில் மறுபடி மாட்டும்போது செய்த வேலை வீணாகும்.

நீலம் பாய்ந்த திட்டுகள் தெரிகிற டிஸ்க்கைக் கடைய வேண்டாம் என்பேன். மிகையான சூட்டில் அந்த இடத்தின் இரும்பு சிமென்டைட் எனும் கடினமான நிலைக்கு மாறியிருக்கும். அது ஆழமாகவும் இறங்கியிருக்கும். மேலே கடைந்தாலும் சுற்றியுள்ள பகுதி வேகமாகத் தேய, திட்டு மேடாக மீண்டும் எழும். மாற்றுவதென்றால் ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்து, புது பேட்டுகளோடு மாற்றுங்கள்.

கேள்வி: நீண்ட மலைச்சாலையில் இறங்கியபின் உதறல் தொடங்கியது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

நிச்சயம் உண்டு. சூடேறிய டிஸ்க்கில் பேட்டின் பொருள் ஒட்டுகிறது. கொதிக்கும் பிரேக்கோடு நின்று பெடலை அழுத்தியே வைத்திருந்தால் பேட்டின் அச்சு ஓரிடத்தில் பதிந்துவிடும். படிவு லேசானதென்றால், காலிச் சாலையில் 60லிருந்து 10 கிலோமீட்டர் வரை சற்றே அழுத்தமாக, முழுக்க நிறுத்தாமல் எட்டுப் பத்து முறை வேகம் குறைத்து, பிறகு பிரேக்கைத் தொடாமல் சில நிமிடம் ஓட்டி ஆறவிட்டால் சில சமயம் போய்விடும். புது பேட் பழக்குவதற்கும் இதே முறைதான். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் போங்கள். இறங்கி வந்த சூட்டோடு சக்கரத்தில் தண்ணீர் அடிக்கவும் வேண்டாம்.

கேள்வி: இரண்டு மாதம் நிறுத்தியிருந்த காரை எடுத்தேன். பிரேக்கில் 'தப் தப்' என்கிறது.

பேட்டுக்கு அடியில் இருந்த இடம் மட்டும் வேறுவிதமாகத் துருவேறியிருக்கும். மேல்துரு என்றால் சில நாள் ஓட்டத்தில் தேய்ந்துவிடும். தேயாவிட்டால் குழி விழுந்திருக்கிறது. டிஸ்க்கை அளந்து முடிவெடுங்கள்.

கேள்வி: டிஸ்க், ஹப், நட் எல்லாம் அளந்து சரிபார்த்துவிட்டேன். உதறல் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. வண்டி லேசாக இடது பக்கம் இழுக்கிறது.

இழுப்பதாகச் சொன்னது நல்ல தடயம். காலிப்பர் நகர உதவும் வழுக்கு ஊசிகள் துருப்பிடித்து இறுகியிருக்கின்றனவா, பிஸ்டன் தடையின்றித் திரும்புகிறதா என்று பாருங்கள். ஒரே காலிப்பரில் ஒரு பேட் மெலிந்தும் மற்றொன்று தடித்தும் இருந்தால் அங்கே ஏதோ சிக்கியிருக்கிறது. சிறிது தூரம் ஓட்டியபின் ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தாலும் அதுதான். தொட வேண்டாம், கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும். பிறகு சஸ்பென்ஷன், ஸ்டியரிங் இணைப்புகளைப் பாருங்கள்: கீழ்க்கையின் புஷ், பால் ஜாயிண்ட், டை ராட் முனை. இவை தளர்ந்திருந்தால், நல்ல நிலையில் உணரவே முடியாத சின்னத் துடிப்பையும் ஸ்டியரிங்குக்குப் பெருக்கி அனுப்பும்.

கேள்வி: பிரேக்கைத் தொடாமலே 90ல் ஸ்டியரிங் நடுங்குகிறது, பிரேக் பிடித்தாலும் மாற்றமில்லை.

அது பிரேக் அல்ல. சக்கர பேலன்சிங்கையும், டயரில் புடைப்பு உள்ளதா என்பதையும், ரிம் நெளிவையும் பாருங்கள். புடைப்பு தென்பட்டால் அந்த டயரோடு வேகமாகப் போகவே வேண்டாம், உடனே மாற்றிவிடுங்கள்.