கழுத்து நோவும் நெற்றிக் குழாயும்

கேள்வி: எனக்கு 54 வயது. வங்கி வேலை, நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருந்து கழுத்து நோ. நீந்தினால் நல்லது என்றார்கள், ஹோட்டல் தடாகமொன்றில் மாதக் காசு கட்டி ஐந்து மாதமாகப் போகிறேன். பிறீஸ்டைலில் மூச்செடுக்கத் தலையைத் திருப்பினால் அதே கழுத்துத்தான் பிடிக்கிறது. கனடாவில் இருக்கும் மகன், வந்த ஆளிடம் ஒரு ஸ்நோர்க்கல், அதுதான் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி வாயால் மூச்செடுக்கும் குழாய், கொடுத்து விட்டான். போட்டுப் பார்த்தேன். பத்து மீற்றர் போக முன்னமே மூக்கால் தண்ணீர் ஏறி இருமி, கரையில் நின்ற பொடியள் சிரித்துவிட்டார்கள். இது எனக்குச் சரிவருமா?
– கொக்குவில் வாசகர்

பதில்: சரிவரும். சிரித்த பொடியளில் ஒருவரிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள், அவரும் இருமுவார். எனக்கும் முதல் நாள் இதே கதைதான். நீந்தத் தெரிந்த ஆள் என்ற நினைப்பில் நேரே இறங்கி, கண் சிவக்க ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதலில் மகன் அனுப்பியது எந்தக் குழாய் என்று பாருங்கள். நிலாவெளியில் புறாத்தீவுக்குப் போகிறவர்கள் போடுவார்களே, காதோரமாகப் போகும் குழாய், அது பவளப்பாறை பார்க்க நல்லது. லாப் அடிக்க, அதாவது தடாகத்தில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போய்ப் போய் வர, உதவாது, ஏனென்றால் பிறீஸ்டைலில் உடம்பு உருளும்போது அதுவும் சேர்ந்து ஆடும். உங்களுக்கு வேண்டியது இரண்டு கண்ணுக்கும் நடுவால் நெற்றியில் ஏறி நிற்கும் குழாய். மகன் நீச்சல் கடையில் வாங்கியிருந்தால் அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது மூக்கு. பாறை பார்க்கப் போகிறவரின் முகக் கண்ணாடி மூக்கையும் சேர்த்து மூடிவிடும், நீங்கள் போடும் கொகிள்ஸ், அதாவது கண்ணை மட்டும் மூடும் நீச்சல் கண்ணாடி, மூக்கை மூடாது. வாயால் மூச்சை இழுக்கும்போது மூக்காலும் துளி இழுபட்டால் போதும், தண்ணீர் உச்சியில் அடிக்கும். நீங்கள் இருமியது அதனால்தான், குழாயில் பிழையில்லை. இதைப் பழகத் தடாகமே தேவையில்லை. வீட்டில் கிணற்றடித் தொட்டி இருக்கும்தானே? கொகிள்ஸையும் குழாயையும் போட்டு, தொட்டிக் கட்டைப் பிடித்துக் குனிந்து, முகத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு வாயால் ஆறுதலாக இழுங்கள், விடும்போது வாயாலும் கொஞ்சம் மூக்காலும் விடுங்கள். முதல் நாலைந்து மூச்சுக்கு நெஞ்சு பதறும், பிறகு அடங்கும். இரண்டு நிமிடம் அசையாமல் நிற்க முடிந்தால் தடாகத்துக்குப் போகலாம். அதற்குப் பிறகும் மூக்கு அடம்பிடித்தால் மூக்கில் கவ்வும் கிளிப் ஒன்றை வாங்கிப் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூச்சை ஆழமாகவும் மெதுவாகவும் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2 சென்ரிமீற்றர் விட்டமும் 40 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள குழாய்க்குள் ஏறத்தாழ 125 மில்லிலீற்றர் காற்று நிற்கும். நீங்கள் வெளியே விட்ட காற்றின் கடைசிப் பகுதி அதற்குள்ளேயே தங்கி, அடுத்த மூச்சில் முதல் ஆளாகத் திரும்பி வரும். சும்மா இருக்கும்போது ஒரு மூச்சு 500 மில்லிலீற்றர் அளவுதான், அதனால் நாய் இளைப்பது போலக் குட்டி மூச்சாக எடுத்தால் பழைய காற்றையே சுற்றிச் சுற்றிக் குடித்துத் தலை இடிக்கும். தலை பாரமாக வந்தால் குழாயைக் கழற்றிவிட்டு நில்லுங்கள்.

நீந்தும்போது கீழே, சற்று முன்னால் பாருங்கள். நாடியை நெஞ்சோடு ஒட்டினால் குழாயின் நுனி தண்ணீருக்குள் போய்விடும், தலையைத் தூக்கினால் கால் தாழும், அதோடு கழுத்தும் பிடிக்கும். கேணியிலும் கடலிலும் நீந்திப் பழகிய எங்கள் வயதுக்காரருக்குத் தலையைத் தூக்கி நீந்துவது ஊறிப்போன பழக்கம், அதை மாற்ற இந்தக் குழாயை விட நல்ல வாத்தியார் இல்லை என்பேன். மூச்சுக்காகத் திரும்பும் வேலை இல்லாததால் கை எங்கே இறங்குகிறது, உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டுகிறதா என்பதெல்லாம் கண்ணுக்கு முன்னால் தெரியும். எனது இடது கை இத்தனை வருடமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனதை நான் கண்டது அப்படித்தான்.

போட்டித் தடாகத்தில் அடியில் உள்ள கறுப்புக் கோடு சுவருக்கு 2 மீற்றர் முன்னால் குறுக்குக் கோட்டோடு முடியும், அதைக் கண்டதும் கையை நீட்டலாம். ஹோட்டல் தடாகத்தில் அப்படி இருக்காது, தரை ஓட்டில் ஏதாவது அடையாளம் பார்த்து வையுங்கள், இல்லாவிட்டால் மண்டை உடையும். குட்டிக்கரணத் திருப்பம் இப்போதைக்கு வேண்டாம், சுவரைத் தொட்டுத் திரும்பினால் போதும். குழாய்க்குள் தண்ணீர் போனால் ‘பூ’ என்று ஒரே ஊதலாக ஊதித் தள்ளுங்கள். அதற்கு நெஞ்சில் கொஞ்சக் காற்று எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும்.

முதல் வாரம் 25 மீற்றரை நாலு தரம், இடையில் நன்றாக ஆறி ஆறி. பிறகும் மொத்தத் தூரத்தில் கால்வாசிக்கு மேல் குழாயோடு போக வேண்டாம், திரும்பி மூச்செடுக்கும் பழக்கம் விட்டுப்போகும். நோ கைக்கு இறங்கினாலோ விரல் விறைத்தாலோ தடாகத்துக்கு முன் வைத்தியரிடம் போங்கள். அப்புறம், குழாயை ஈரத்தோடு மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே போட்டு வைக்காதீர்கள். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள், உள்ளே பூஞ்சணம் பிடித்தால் அதைத்தான் சுவாசிப்பீர்கள்.

கேள்வி: மகளுக்கு 13 வயது. பயிற்சியாளர் குழாய் போட்டு நீந்த விடுகிறார். போட்டியில் அனுமதிப்பார்களா? பழக்கம் கெட்டுவிடாதா?
– நெல்லியடித் தாய்

பதில்: சாதாரண நீச்சல் போட்டியில் அனுமதி இல்லை அக்கா. காலில் துடுப்பு மாட்டி நீந்தும் போட்டி வேறு, அங்கே இதே நெற்றிக் குழாயோடுதான் போவார்கள். பயிற்சியாளர் தருவது பெரும்பாலும் கை வீச்சைத் திருத்தத்தான். போட்டி நெருங்கும் கிழமைகளில் குழாய் இல்லாமல் எவ்வளவு தூரம் நீந்த வைக்கிறார் என்று கேளுங்கள். நல்ல பயிற்சியாளர் கோபிக்க மாட்டார்.

கேள்வி: முகம் முழுக்க மூடும் முகமூடி ஸ்நோர்க்கல் ஒன்லைனில் மலிவாகக் கிடக்கிறது. மூக்காலும் மூச்சு விடலாமாம். அதைப் போட்டு லாப் அடித்தால் என்ன?
– மானிப்பாய் வாசகர்

பதில்: வேண்டாம். அது மிதந்துகொண்டு மீன் பார்க்க. வேகமாக நீந்தி மூச்சு வாங்கும்போது, வெளியே விட்ட காற்று முகமூடிக்குள் தேங்க இடமுண்டு. மூச்சு முட்டினால் வாயில் இருக்கும் குழாயைத் துப்பிவிடலாம், முகம் முழுக்க இறுக்கிக் கட்டியதைக் கழற்ற நேரம் எடுக்கும்.

கேள்வி: குமார் ஆனந்தன் குழாய் பூட்டியா பாக்குநீரிணையைக் கடந்தார்? குழாயால் மூச்சு விடுவதெல்லாம் ஒரு நீச்சலா?
– வல்வெட்டித்துறை வாசகர்

பதில்: உங்கள் ஊர்க்காரர், நீங்கள் கேட்கத்தான் வேண்டும். 1971இல் வல்வெட்டித்துறையில் இருந்து இந்தியக் கரைக்குப் போய்த் திரும்பியும் நீந்தி வந்த மனிதர் அவர், 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிரையே விட்டார். அந்தக் கால்வாய் நீச்சலின் விதியிலும் குழாய்க்கு இடமில்லை. ஆனால் கொக்குவில்காரர் கேட்டது பாக்குநீரிணைக்கு வழி இல்லை ஐயா, நாளைக்கு வங்கியில் கழுத்தைத் திருப்ப ஒரு வழி.