லேப்டாப்பில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) தெரியலையா? கேள்வி பதில்

கோத்தகிரியிலிருந்து: அண்ணே, திருவிழா செட்டில் நாலு ஆம்ப். நெட்வொர்க் ஸ்விட்ச்சில் லைட் எரியுது, ஆம்பைக் கட்டுப்படுத்துற லேப்டாப் சாஃப்ட்வேரில் ஒண்ணுகூட வரலை.

லைட் எரிஞ்சா கேபிள் பெரும்பாலும் சரிதான் தம்பி, ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ள எண்ணைப் பாருங்க. லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கினா, அதுக்கு யாரும் முகவரி கொடுக்கலை. ஆம்ப்களுக்கு 192.168.1.11 முதல் 14 வரைன்னா, லேப்டாப்புக்குக் கையால 192.168.1.50, சப்நெட் மாஸ்க் கட்டத்தில் 255.255.255.0 போடுங்க. ஒரே எண் ரெண்டு பெட்டிக்கு வரக்கூடாது. வைஃபையை அணைச்சிடுங்க. லாட்ஜ் ரவுட்டரும் 192.168.1 வரிசையிலேயே இருந்தா, லேப்டாப் ஆம்பை அந்தப் பக்கம் தேடிக்கிட்டிருக்கும். அடுத்து கமாண்ட் விண்டோவில் ping 192.168.1.11 அடிச்சு, ஆம்ப் பதில் சொல்லுதான்னு பாருங்க. பதில் வந்தும் சாஃப்ட்வேர் காட்டலைன்னா லேப்டாப்பின் பாதுகாப்பு வடிகட்டியான ஃபயர்வால் தடுக்கலாம்: அந்த நெட்வொர்க்கை 'பப்ளிக்'கிலிருந்து 'பிரைவேட்' ஆக்கி, சாஃப்ட்வேருக்கு அனுமதி கொடுங்க. சாஃப்ட்வேருக்குள்ளேயும் சரியான நெட்வொர்க் கார்டைத் தேர்ந்தெடுக்கணும். பலர் தவறவிடுற இடம் இது.

குன்னூரிலிருந்து: சாஃப்ட்வேரை ஆம்போட இணைச்சு ஆன்லைன் போனதும், லிமிட்டர் (ஸ்பீக்கருக்கு அளவு மீறிப் போகாம தடுக்குறது) செட்டிங் எல்லாம் மாறிடுச்சே?

செட்டிங்கை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் அனுப்பணும்னு சாஃப்ட்வேர் கேட்டிருக்கும். லேப்டாப்பிலிருந்து ஆம்புக்குன்னு கொடுத்திருப்பீங்க, காலி ஃபைல் மேலே ஏறிடுச்சு. லிமிட்டர் போனா ஸ்பீக்கர் காயில் கருகலாம். அடுத்த தடவை எல்லா சேனலையும் மியூட் பண்ணி, முதல்ல ஆம்பிலிருந்து லேப்டாப்புக்கு இழுங்க. அதை உடனே வேற பேரில் சேமிச்சுட்டு அப்புறம் கை வையுங்க.

கொடைக்கானலிலிருந்து: மிக்ஸரிலிருந்து மேடையில் ஆம்ப் அடுக்கிய ரேக்குக்கு நெட்வொர்க் கேபிள் 120 மீட்டர். நடுநடுவே தொடர்பு அறுந்து போகுது சார்.

நெட்வொர்க் கேபிள் கேட் 5இ ரகமோ கேட் 6 ரகமோ, எதுவானாலும் 100 மீட்டர்தான் எல்லை. நடுவில் ஸ்விட்ச் வைக்கலாம், ஆனா அதுக்கும் கரண்ட் வேணும், மழைக்கு மூடி வேணும். திறந்த மைதானத்துக்கு ஃபைபரும் (கண்ணாடி இழைக் கேபிள்) அதைச் சாதா நெட்வொர்க் கேபிளாக மாத்துற மீடியா கன்வெர்ட்டர் ரெண்டு முனையிலும்தான் என் தேர்வு. இடி மின்னல் நேரத்தில் செம்புக் கம்பி வழியா வர்ற சர்ஜ் (திடீர் மின் பாய்ச்சல்) ஃபைபரில் வராது. மூடுபனி இறங்கினா பிளக்கில் ஈரம் கோர்த்து பின் பச்சை பூத்துடும். கனெக்டர் தரையில் கிடக்கக் கூடாது. குளிர்ந்த ரேக்கைச் சூடான ஹாலுக்குள் கொண்டுபோனதும் ஆன் பண்ணாதீங்க, உள்ளே வேர்த்திருக்கும், காயட்டும்.

ஊட்டியிலிருந்து: நெட்வொர்க் கேபிளால ஆம்புக்கு ஆம்ப் கோத்து, கடைசியை மறுபடி ஸ்விட்ச்சில் சொருகலாமா?

வேண்டாம். அது லூப் (சுற்றி வந்து அதே இடத்தில் சேரும் வளையம்) ஆயிடும், அதைத் தாங்கும் வசதி இல்லாத ஸ்விட்ச்சில் மொத்த நெட்வொர்க்கும் ஸ்தம்பிச்சிடும். பல மாடல்களில் நடு ஆம்ப் அணைஞ்சாலே அதுக்கு அப்புறம் உள்ளதும் காணாமப் போகும். ஒவ்வொரு ஆம்பிலிருந்தும் ஸ்விட்ச்சுக்குத் தனிக் கேபிள் போடுங்க.

அவரே: நிகழ்ச்சி நடுவில் லேப்டாப் உறைஞ்சா?

அனலாக் கேபிளில் ஆடியோ போகுதுன்னா சத்தம் நிக்காது. செட்டிங் ஆம்புக்குள்ளேயே இருக்கு. பதறி ரேக்கை ஆஃப் பண்ணிடாதீங்க, லேப்டாப்பை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணுங்க.