ஸ்மென்காரே ஆணா, பெண்ணா?

வணக்கம் ஐயா,

எகிப்திய அரசன் துட்டன்காமனைப் பற்றிய உங்கள் பழைய கட்டுரையில், அவனுக்கு முன் ஆண்ட ஸ்மென்காரே உண்மையில் அரசி நெஃபர்டிட்டிதான் என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. யூடியூபில் ஒருவர் ஸ்மென்காரே, நெஃபர்டிட்டியின் கணவரான அரசர் அக்கெனாட்டனின் காதலன் என்கிறார். இன்னொருவர் அவன் மம்மியே கிடைத்துவிட்டது, டிஎன்ஏ சோதனையும் முடிந்துவிட்டது என்கிறார். உடலே கிடைத்தவன் ஆணா பெண்ணா என்பதில் என்ன குழப்பம்?

ச., திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த வரி. அது என் தவறுதான். ஒரு காலத்தில் பலரும் சொல்லிவந்த கருத்து, சரிபார்க்காமல் எழுதிவிட்டேன். இன்று கேட்டால் அங்கே இருந்தது ஒருவர் அல்ல, இருவர் என்பேன்.

அக்கெனாட்டன் 17 ஆண்டுகள் ஆண்டு, கி.மு. 1336 வாக்கில் இறந்தார். அவருடைய கடைசி நாட்களுக்கும் சிறுவன் துட்டன்காமன் அரியணை ஏறியதற்கும் நடுவில்தான் சிக்கல். எகிப்திய அரசருக்குப் பிறப்புப் பெயர் ஒன்று, முடிசூடும்போது வைக்கும் அரியணைப் பெயர் ஒன்று. இரண்டையும் தனித்தனி நீள்வட்ட வளையத்துக்குள் எழுதுவார்கள். இந்தக் காலப் பொருட்களில் 'அன்க்கெபெரூரே' என்ற அரியணைப் பெயர் வருகிறது. ஆனால் கூடவரும் பிறப்புப் பெயர் சில இடங்களில் ஸ்மென்காரே, சில இடங்களில் நெஃபர்நெஃபெரூவாட்டன். ஒரே ஆள், நடுவில் பெயரை மாற்றிக்கொண்டான் என்று அறிஞர்கள் முடிவுகட்டினார்கள்.

காதலன் கதை பிறந்தது இங்கேதான். நெஃபர்நெஃபெரூவாட்டன் என்ற பெயரோடு 'அக்கெனாட்டனின் அன்புக்குரிய' என்ற பொருள்படும் அடைமொழி வருகிறது. பெர்லினில் ஒரு சிறிய கல்பலகை இருக்கிறது, கிரீடம் அணிந்த இருவர் நெருக்கமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த எகிப்தியல் அறிஞர் பெர்சி நியூபெரி, 1928இல், ரோமப் பேரரசர் ஹாட்ரியனுக்கும் அவர் காதலன் அன்டினோஸுக்கும் இருந்த உறவோடு இதை ஒப்பிட்டார். அந்தப் பலகையில் பெயர் எழுதவேண்டிய வளையங்கள் எல்லாம் காலி என்பதை யூடியூப்காரர் சொல்லியிருக்கமாட்டார்.

அப்புறம் 1970களில் ஜான் ஹாரிஸ் ஒரு சின்ன எழுத்தைக் கவனித்தார். 'த்' ஒலிக்கு எகிப்தியர் எழுதுவது ஒரு குட்டி ரொட்டியின் படம், அரைவட்டமாக இருக்கும். அவர்கள் மொழியில் அதுதான் பெண்பால் விகுதி. நமக்கு 'வந்தான்', 'வந்தாள்' என்று கடைசி எழுத்து மாறுவதைப் போல. சில பொருட்களில் 'அன்க்கெபெரூரே' என்பது 'அன்கெத்கெபெரூரே' என்று அந்த ரொட்டியோடு இருந்தது. அதாவது ஆட்சிசெய்தவர் ஒரு பெண். நெஃபர்டிட்டியின் முழுப்பெயரே நெஃபர்நெஃபெரூவாட்டன் நெஃபர்டிட்டி என்பதால், ஸ்மென்காரே என்று ஒரு ஆணே கிடையாது, எல்லாம் அவள்தான் என்று கருத்து மறுபக்கம் சாய்ந்தது. நான் எழுதிய வரி அந்த அலையில் வந்ததுதான்.

ஆனால் அக்கெனாட்டனின் தலைநகர் இருந்த அமர்னாவில் இரண்டாம் மெரிரே என்ற அதிகாரியின் கல்லறையில், மையால் வரைந்து முடிக்காமல் விட்ட ஒரு ஓவியம் இருக்கிறது. அரசனும் அரசியும் மெரிரேவுக்குப் பரிசு கொடுக்கிறார்கள். அரசன் பெயர் ஸ்மென்காரே, பட்டத்தரசி மெரிட்டாட்டன். அவள் நெஃபர்டிட்டியின் மூத்த மகள்! தாயே மகளைப் பட்டத்தரசியாக வைத்துக்கொண்டாள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. (பெயர் வளையங்களைத் திருடர்கள் பெயர்த்துப் போய்விட்டார்கள். நல்லவேளை, ஜெர்மானிய ஆய்வாளர் லெப்சியஸின் குழு 1840களிலேயே படியெடுத்துவிட்டது.) இதைவிட வலுவான காரணம் வேறு. 'அன்புக்குரிய' அடைமொழி, பெண்பால் விகுதி இரண்டும் நெஃபர்நெஃபெரூவாட்டன் பெயரோடு மட்டுமே வருகின்றன. ஸ்மென்காரே பெயரோடு ஒருமுறைகூட இல்லை.

இனி மம்மி. 1907 ஜனவரியில் அரசர்களின் பள்ளத்தாக்கில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள், இன்று கேவி55 என்பார்கள். சவப்பெட்டியின் தங்க முகம் பிய்க்கப்பட்டிருந்தது, பெயர்கள் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. தோண்டுவதற்குப் பணம் போட்ட தியோடர் டேவிஸ் இது அக்கெனாட்டனின் தாய், அரசி தியே என்றார். அங்கே வந்த மருத்துவர்களும் இடுப்பெலும்பைப் பார்த்துப் பெண் என்றார்கள். எலும்புகள் உடற்கூற்றியல் அறிஞர் எலியட் ஸ்மித் கைக்குப் போனபோது அவர் பார்த்தது ஒரு இளைஞனை! 2010இல் வந்த டிஎன்ஏ முடிவின்படி அவன் அக்கெனாட்டனின் தந்தை மூன்றாம் அமென்ஹோத்தெப்புக்கும் தியேவுக்கும் மகன், துட்டன்காமனுக்குத் தந்தை. ஆய்வுக்குழு அவனை அக்கெனாட்டன் என்றது. சரி, ஆனால் டிஎன்ஏ பெற்றோரைத்தான் காட்டும், பெயரை அல்ல. அக்கெனாட்டனுக்கு ஒரு தம்பி இருந்திருந்தால் அவனுக்கும் இதே முடிவுதான் வரும். எலும்பைப் பரிசோதித்த பலரும் வயது இருபதுகளின் தொடக்கம் என்கிறார்கள். 17 ஆண்டுகள் ஆண்டு, மகள்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவருக்கு அந்த வயது பொருந்தவே பொருந்தாது. என் சாய்வு தம்பி ஸ்மென்காரே பக்கம்.

அந்தப் பெண்ணரசி யார்? மெரிட்டாட்டன் என்போர் உண்டு. நான் நெஃபர்டிட்டி என்றே நினைக்கிறேன். கணவரின் ஆட்சியின் 12ஆம் ஆண்டுக்குப் பிறகு அவள் மறைந்துவிட்டாள் என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். டெய்ர் அபு ஹின்னிஸ் கல்குவாரியில் கிடைத்த கல்வெட்டு, அக்கெனாட்டனின் 16ஆம் ஆண்டிலும் அவளைப் பட்டத்தரசி என்றே குறிக்கிறது. கணவர் இறக்கும் தறுவாயில் அவள் உயிரோடு, பதவியோடு இருந்தாள்.

அவளுக்குச் செய்த பொருட்களில் பல துட்டன்காமன் கல்லறைக்குப் போய்விட்டன. உள்ளுறுப்புகளை வைத்த குட்டித் தங்கப் பெட்டிகளில் அவள் பெயரை மாற்றித்தான் அவன் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். பிறகு வந்தவர்கள் அந்தக் காலத்தையே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அபிடோஸில் முதலாம் சேத்தி செதுக்கிய அரசர் பட்டியல் மூன்றாம் அமென்ஹோத்தெப்பிலிருந்து நேராக, துட்டன்காமனுக்குப் பின் வந்த ஹோரெம்ஹெப்புக்குத் தாவுகிறது.

தீப்ஸில் ஒரு தனியாரின் கல்லறைச் சுவரில் மட்டும் அவளுடைய ஆட்சியின் 3ஆம் ஆண்டு தப்பியிருக்கிறது. பாவா என்ற கோயில் எழுத்தருக்காக எழுதிய பிரார்த்தனை அது. அக்கெனாட்டன் தடைசெய்த அமுன் கடவுளிடம், உன்னைப் பார்க்கவேண்டும் என்று கேட்கிறார். மேலே தேதிக்காக அரசியின் பெயரை எழுதியிருக்கிறார்கள். அழிக்க வந்தவர்கள் அங்கே எட்டிப்பார்க்கவில்லை போலிருக்கிறது.