பாதம் எரிகிறது, சிறுநீர் மஞ்சளாகிறது: எபால்ரெஸ்டாட் என்ன செய்யும்?

கேள்வி: 12 வருடமாகச் சர்க்கரை நோய். ராத்திரியானால் பாதம் எரிகிறது, போர்வை பட்டால்கூடத் தாங்கவில்லை. நரம்பு வலிக்கான பிரிகாபலினோடு இப்போது எபால்ரெஸ்டாட்டும் கொடுத்திருக்கிறார்கள். நரம்பில் சர்பிடால் என்ற இனிப்புப் பொருள் சேர்கிறதாம். சுகர்ஃப்ரீ மிட்டாயில் இருப்பதும் அதுதானே, அதைச் சாப்பிட்டதால் வந்ததா? மாத்திரை தொடங்கியதிலிருந்து சிறுநீரும் அடர் மஞ்சளாகப் போகிறது. பிரிகாபலினை நிறுத்திவிடலாமா?

பதில்: சிறுநீர் விஷயத்தில் பயம் வேண்டாம். இந்த மாத்திரை சாப்பிட்டால் மஞ்சள் பழுப்பாகவோ கொஞ்சம் சிவந்தோ போகும். கண்ணின் வெள்ளையும் மஞ்சளானால் மட்டும் உடனே டாக்டரைப் பாருங்கள், கல்லீரலைச் சோதிக்க வேண்டியிருக்கும்.

மிட்டாய்மேல் பழி போட வேண்டாம். அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான். நரம்பிலுள்ள சர்பிடால் அங்கேயே தயாராவது.

தசைக்குள் குளுக்கோஸ் போக இன்சுலின் வேண்டும். நரம்புக்கு அந்தக் காவல் கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை ஏற ஏற உள்ளேயும் ஏறும். எரித்துத் தீராத மிச்சத்தை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி சர்பிடாலாக மாற்றிவிடுகிறது. அது செல்லை விட்டு எளிதில் வெளியேறாது. அது சேரச் சேர மயோ-இனோசிட்டால் என்ற பொருள் குறைகிறது, சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் மந்தமாகிறது, நரம்பில் செய்தி ஓடும் வேகமும் விழுகிறது. என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. சர்பிடால் தயாரிக்க, செல்லின் வேதிவினைகளுக்கு உதவும் என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறு செலவாகிறது. செல்லைக் காக்கும் குளூட்டாதயோன் என்ற பொருளைப் புதுப்பிக்க வேண்டியதும் அதுதான். அது தீர்ந்தால் ஆக்சிஜன் கழிவுகளிடமிருந்து நரம்பைக் காக்க ஆளில்லை.

எபால்ரெஸ்டாட் அந்த நொதியைத் தடுக்கிறது. ஜப்பானில் 1992 முதல் புழக்கத்தில் இருக்கிறது. வழக்கமான அளவு 50 மி.கி., தினம் மூன்று வேளை, சாப்பாட்டுக்கு முன். இதே குடும்பத்து டால்ரெஸ்டாட் கல்லீரலைக் கெடுத்ததால் சந்தையிலிருந்தே போய்விட்டது. எபால்ரெஸ்டாட்டிடமும் அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். நரம்பு மேலும் கெடும் வேகத்தை ஓரளவு குறைக்கும். சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர்களுக்கும், பாதிப்பு முற்றாதவர்களுக்கும் பலன் கூடுதல். இன்று போட்டு இன்று ராத்திரி தூங்க உதவுவது பிரிகாபலின்தான். அது நரம்பைச் சரிசெய்யாது, வலியை அடக்கும். ஒன்று வந்ததென்று மற்றதை விடாதீர்கள். பிரிகாபலினைத் திடீரென நிறுத்தவே கூடாது. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அதன் அளவைக் குறைக்க வேண்டும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்தார்களா என்று கேளுங்கள். மெட்ஃபார்மின் நெடுநாளாகச் சாப்பிடுகிறவர் என்றால் பி12-ஐயும் பார்த்துவிடுங்கள். அது குறைந்தாலும் இதே மாதிரி எரியும்.

எரிச்சல் தானாகவே அடங்கினால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். நரம்பு மரத்துப்போனாலும் எரிச்சல் நிற்கும். மோனோஃபிலமென்ட் சோதனை கேளுங்கள்: 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்துவார்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். தெரியவில்லையென்றால் வீட்டுக்குள்ளும் செருப்பு, தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பது, இரண்டையும் அன்றே தொடங்கிவிடுங்கள்.