விண்வெளிப் பொறியாளர்கள் கல்லூரிக்கு வந்து பேசுவதால் மாணவர்களுக்கு உண்மையில் பயன் உண்டா?

நீங்கள் மூன்றாம் ஆண்டோ நான்காம் ஆண்டோ படிக்கிறீர்கள், வருகைப்பதிவுக்காக அரங்கில் உட்காரவைத்த ஒரு கூட்டத்துக்குப் போய்ச் சலித்துப்போய் இதைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பயன் உண்டு. வருகிறவர் தான் கைவைத்துச் செய்த வேலையைச் சொன்னால் நிறையவே உண்டு. நான் இஸ்ரோவின் மகேந்திரகிரி மையத்தில் கிரையோ இன்ஜின் (கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் ராக்கெட் இன்ஜின்) சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நெல்லை, குமரி மாவட்டங்களில் யார் கூப்பிட்டாலும் போய்ப் பேசுகிறேன்.

எங்கே போனாலும் 2010 ஏப்ரல் 15-ல்தான் தொடங்குவேன். நம் நாட்டில் செய்த கிரையோ இன்ஜினோடு ஜிஎஸ்எல்வி ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பிய நாள் அது. முதல் இரண்டு கட்டங்களும் சரியாக வேலை செய்தன. மூன்றாவதில் இன்ஜின் பற்றவும் செய்தது. ஆனால் திரவ ஹைட்ரஜனைத் தள்ளிக்கொடுக்கும் பூஸ்டர் டர்போ பம்ப் நிமிடத்துக்கு 34,800 சுற்று வரை ஏறி, 0.9 வினாடி ஓடி, அடுத்த 0.6 வினாடியில் நின்றுவிட்டது. ராக்கெட்டோடு சேர்ந்து எத்தனையோ பேரின் பல வருட உழைப்பு கடலுக்குள் போனது.

ஒரு பாலிடெக்னிக்கில் இதைச் சொன்னபோது கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்து, "பம்பே கடலுக்குள்ள போயிட்டு. அப்புறம் பம்புதான் காரணம்னு எப்படி சார் சொல்லுதீங்க?" என்று கேட்டாள். டெலிமெட்ரியில், அதாவது ராக்கெட் பறக்கும்போதே தரைக்கு அனுப்பிய தரவில், வந்த பம்பின் வேகக் கோட்டைப் பலகையில் வரைந்தேன். ஏறுகிறது, கொஞ்ச நேரம் நிலைக்கிறது, அப்புறம் செங்குத்தாக விழுகிறது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், "மைனஸ் 253 டிகிரியில பேரிங்கும் கேசிங்கும் ஒரே அளவா சுருங்குமா சார்?" என்றாள். பம்பின் வடிவமைப்பைத் திருத்தியபோது கணக்கில் எடுத்துக்கொண்ட விஷயமே அதுதான்: திரவ ஹைட்ரஜனின் அந்தக் குளிரில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்கும் பம்பின் வெளிக்கூடான கேசிங்கும் எவ்வளவு விரிகின்றன, சுருங்குகின்றன என்பது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு டிப்ளமோ மாணவி அங்கே வந்து நின்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

தோல்வியைப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லலாமா, நாட்டுக்குத்தானே கெட்டபெயர் என்று இங்கே சிலர் கேட்பார்கள். இஸ்ரோவே வெளியிட்ட விவரங்கள்தான் இவை, நான் எந்த ரகசியத்தையும் அவிழ்க்கவில்லை. அதன் பின் நடந்ததையும் சொல்லத்தான் செய்கிறேன். வெற்றிடத்தில் இன்ஜின் பற்றுகிறதா என்று மகேந்திரகிரியிலேயே சோதித்தார்கள். 2013 ஆகஸ்ட் 19 அன்று நம் இன்ஜினோடு அடுத்த ராக்கெட் கிளம்ப 74 நிமிடம் இருந்தபோது இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிவு தெரிந்து கவுண்ட்டவுனை நிறுத்தினார்கள். தொட்டிக்கு வேறு உலோகக் கலவையைத் தேர்ந்தெடுத்து அந்தக் கட்டத்தையே மாற்றினார்கள். 2014 ஜனவரி 5 அன்று ராக்கெட் ஜிசாட்-14 செயற்கைக்கோளைச் சரியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. வேண்டாம் என்று நிறுத்துவதும் பொறியாளரின் வேலைதான் என்பதை மாணவர்கள் வேறு எங்கே கேட்பார்கள்?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். ஏரோநாட்டிக்கல் சேர்ந்தால் நேராக இஸ்ரோ என்று சேர்க்கை நேரத்தில் ஆசைகாட்டுகிறார்கள். இஸ்ரோவின் பொறியாளர் தேர்வு அறிவிப்புகள் பெரும்பாலும் கேட்பது மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம். டிப்ளமோ, ஐடிஐ முடித்தவர்களுக்கும் தனி வேலைகள் உண்டு. இதைச் சொன்னதற்கு ஒரு கல்லூரியில் முகத்தைச் சுளித்தார்கள்.

அதே கல்லூரியில் பேச்சு முடிந்ததும் ஒர்க்‌ஷாப்பைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று தேடி அரைமணி நேரம் போனது. திறந்து பார்த்தால் லேத்துகள் மேல் தார்ப்பாய், தார்ப்பாய் மேல் தூசி. இறுதியாண்டுப் பையன் ஒருவன் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்ததே இல்லை என்றான். இவ்வளவு கட்டணம் வாங்கிக்கொண்டு இப்படிச் செய்தால் பிள்ளைகள் எதை நம்பிப் படிப்பார்கள்? கேட்ட கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனால் மனசு ஆறவில்லை.

உங்கள் துறையில் அடுத்த கூட்டம் வைத்தால் பேச்சுக்கு அரைமணி, கேள்விக்கு ஒரு மணி என்று கேட்டு வாங்குங்கள். பதவியைப் பார்த்து ஆளைத் தேடாதீர்கள். வெல்டிங் செய்தவர்கள், வால்வுகளில் லீக் பார்த்தவர்கள் என்று ஓய்வுபெற்ற டெக்னீஷியன்கள் வள்ளியூர், பணகுடி, நாகர்கோவில் பக்கம் இருக்கிறார்கள். அவர்களை யாருமே கூப்பிடுவதில்லை.