வாசகர் கேள்வி பதில்: ஆர்கைல் ஏரிக்கரையில் இரண்டு இரவு

கேள்வி: வட ஆட்சிப்பகுதியின் கேதரின் ஊரிலிருந்து கேம்பர்வேனில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் ஏரிக்குப் போகிறோம். குழந்தைகளும் வருகிறார்கள். மூன்று நாளைக்கான காய்கறி, பழங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, டார்வின்

பதில்: வேண்டாம். மேற்கு ஆஸ்திரேலிய எல்லைச் சோதனைச்சாவடியில் பச்சைக் காய்கறி, பழம், தேன் எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள். கறிவேப்பிலைக் கொத்தும் தப்பாது. இதில் பலரும் கவனிக்காத சிக்கல் ஒன்று உண்டு. சாவடியைத் தாண்டிய சில கிலோமீட்டரிலேயே ஏரிக்கு இடப்பக்கம் திரும்பும் 35 கி.மீ. சாலை வந்துவிடும். சூப்பர் மார்க்கெட் இருக்கும் குனுனூராவோ, அந்தத் திருப்பத்திலிருந்து இன்னும் 35 கி.மீ. மேற்கே. ஆக, பறிகொடுத்த கையோடு ஏரிக்குத் திரும்பினால் இரண்டு நாளும் வெறும் பருப்புச் சோறுதான்.

வழி இரண்டு. நேராகக் குனுனூரா போய் வாங்கிக்கொண்டு திரும்பலாம். கூடுதலாக 70 கி.மீ. ஆகும். இல்லையென்றால், எல்லைக்கு முந்தின இரவு தங்கும் இடத்திலேயே காய்களைச் சமைத்துவிடுங்கள். வெந்த பொரியல், சாம்பாரைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். எதையும் ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மறைத்தால் அபராதம்.

டீசலை எல்லைக்கு முன்னால் வரும் டிம்பர் கிரீக் ஊரில் நிரப்புங்கள். எல்லையில் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் போகும், சூரியன் போகாது. ஜூன் மாதத்தில் அங்கே மாலை ஐந்து மணி தாண்டியதுமே அஸ்தமனம். "இன்னும் நேரமிருக்கிறதே" என்று இருட்டில் ஓட்டினால் மாடும் கங்காருவும் குறுக்கே வரும். பல வாடகை ஒப்பந்தங்களில் ஊருக்கு வெளியே இரவில் ஓட்ட அனுமதியே கிடையாது.

கேள்வி: மின் இணைப்பில்லாத இடத்தில் நிறுத்தினால், விடியற்காலை மூன்று மணிக்கு ஃப்ரிட்ஜ் நின்றுவிடுகிறது. காலையில் தானே ஓடுகிறது. ஃப்ரிட்ஜ் பழுதா?
– வாசகர், பெர்த்

பதில்: ஃப்ரிட்ஜில் கோளாறு இல்லை, பேட்டரி தீர்ந்துவிடுகிறது. மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் ஃப்ரிட்ஜ் தன்னை அணைத்துக்கொள்ளும். வெயில் பட்டுப் பேட்டரி ஏறியதும் மறுபடி எழும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் ஓடும்போது 4, 5 ஆம்பியர் இழுக்கும். இரவில் பாதிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஓடினாலும், 14 மணி நேரத்தில் 25 ஆம்பியர்-மணி (பேட்டரி மின்சாரத்தை அளக்கும் அலகு) போச்சு. மின்விசிறிக்கு 15, விளக்கு, தண்ணீர் பம்ப், போனுக்கு 5 என்றால் மொத்தம் 45. நூறு ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியது ஏறக்குறைய 50தான். பழைய பேட்டரி என்றால் அதுவும் இல்லை. லித்தியத்தில் 80க்கு மேல் எடுக்கலாம்.

பெரும்பாலும் தப்பு பகலில் நடக்கிறது. வெக்கைக்குப் பயந்து மரத்தடியில் நிறுத்துவீர்கள். கூரையிலுள்ள சோலார் பேனலில் ஒரு கிளையின் நிழல் விழுந்தாலே உற்பத்தி சரியும். பேனல் வெயிலிலும், ஃப்ரிட்ஜின் காற்றுத் துளைகள் உள்ள பக்கம் நிழலிலும் இருக்குமாறு வேனைத் திருப்பி நிறுத்துங்கள். என்ஜினை அரைமணி சும்மா ஓடவிடுவதால் பெரிதாக ஏறாது, அண்டை வேன்காரரின் தூக்கம்தான் கெடும்.

ஏசி வேண்டுமென்றால் மின் இணைப்புள்ள இடம் எடுக்கத்தான் வேண்டும். வேனை அந்த இணைப்பில் செருகும் வயர் 15 ஆம்பியருக்கானது. அதன் பிளக்கிலுள்ள எர்த் தகடு அகலமாக இருக்கும், வீட்டு 10 ஆம்பியர் பிளக்பாயிண்டில் நுழையாது. நுழைய வைக்க அதை அரத்தால் ராவுகிறவர்கள் இருக்கிறார்கள், செய்யவே கூடாது. வயரை முழுக்கப் பிரித்துப் போடுங்கள். சுருளாகவே விட்டு ஏசி ஓட்டினால் உள்சுற்றுகள் சூடேறி உறை இளகிவிடும்.

கேள்வி: ஆர்கைல் ஏரியில் முதலை உண்டாமே, குளிக்கலாமா?
– வாசகர், சிட்னி

பதில்: ஏரியில் இருப்பவை ஒல்லி மூக்கு நன்னீர் முதலைகள், ஆயிரக்கணக்கில். மனிதரைக் கண்டால் விலகும். மிதித்தாலோ வழியை மறித்தாலோ கடிக்கும். ஏரியைத் தேக்கும் அணைக்குக் கீழே ஆர்ட் ஆற்றின் கதை வேறு, ஆளைக் கொல்லும் உப்புநீர் முதலை அங்கே உண்டு. எனவே அறிவிப்புப் பலகையைப் படித்து, முகாம் அலுவலகத்தில் கேட்ட பிறகே எங்கும் இறங்குங்கள். சிறுவர்களுக்கு முகாமின் நீச்சல்குளமே போதும். அங்கிருந்தே ஏரி தெரியும்.

கேள்வி: ஆர்கைல் ஏரியின் அணை சின்னது, ஏரி மட்டும் கடல் மாதிரி, எப்படி?
– வாசகர், அடிலெய்டு

பதில்: மலையிடுக்கில் கட்டியதால். 1972இல் திறக்கப்பட்ட அணையின் நீளம் ஏறத்தாழ 335 மீட்டர்தான். பின்னால் தேங்குவது ஆயிரம் சதுர கி.மீ. அளவு. ஆர்கைல் டவுன்ஸ் என்ற கால்நடைப் பண்ணை அதில் மூழ்கியது. அதன் கல் வீட்டை மட்டும் பிரித்தெடுத்து, ஏரிக்குப் போகும் சாலையோரம் மறுபடி கட்டி, அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.